வக்கீலாகும் முன்பே உறுப்பினர்
பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன், வக்கீலாகப் பேர் வாங்கிய பிறகுதான் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழ். 1832-இல் அந்த மாநிலத்தின் சங்கமன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) முதன்முதலாகத் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலத்தில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன. ஊர்க்காரர்கள் அவரை எவ்வளவு நம்பினார்கள் பாருங்கள்! 1834-இல் ஜெயித்தபோது அவர் அங்கே போஸ்ட்மாஸ்டர், கூடவே நில அளவை வேலை. புது சூட்டுக்குக் கடன் வாங்கித்தான் மாநிலத்தின் அப்போதைய தலைநகரான வண்டேலியாவுக்குப் போனார். சட்டம் படிக்கத் தூண்டிப் புத்தகம் கொடுத்தவர் சக உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட். வக்கீல் உரிமம் கிடைத்தது 1836 செப்டம்பரில். அதற்குள் இரண்டாவது முறையும் ஜெயித்துவிட்டார். அப்புறம், தலைநகரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றியதும் அவர் ஒருவரின் வேலை அல்ல. சங்கமனின் ஒன்பது உறுப்பினர்களும் சேர்ந்து 1837-இல் சாதித்தது அது.