நெப்டியூனோடு வல்கனையும் சொல்லிக்கொடுங்கள்

பள்ளியில் வானியல் என்றால் கோள்களின் வரிசை, தூரம், துணைக்கோள்களின் எண்ணிக்கை. இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள், எங்கே குழம்பினார்கள் என்ற பேச்சே வராது. அந்தக் குழப்பத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பேன்.

யுரேனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1781-ல் கண்டுபிடித்த பிறகு, கணக்குப் போட்ட பாதையில் அது போகவில்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதி தப்பா, இல்லை நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறதா? பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே விதியை நம்பினார். இழுக்கும் கோள் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தேடிப் பார்த்தார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் கிடைத்தது.

பாடப்புத்தகங்கள் சொன்னாலும் இதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமானது இதற்கு அப்புறம் நடந்தது.

புதனின் பாதையிலும் ஒரு சின்னப் பிசகு இருந்தது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் நூறு ஆண்டுக்கு 43 ஆர்க் செகண்ட் மிஞ்சியது (இது இன்றைய கணக்கு). ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்! 1859-ல் அதே லெ வெரியே அதே வழியில் யோசித்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. லெஸ்கார்போ என்ற மருத்துவர் சூரியனைக் கடந்த கரும்புள்ளியைப் பார்த்ததாகச் சொன்னார். லெ வெரியே நேரில் போய் விசாரித்து நம்பினார். சூரிய கிரகணங்களின்போது பலர் தேடினார்கள். வல்கன் இல்லவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43-ஐ விளக்கியது. இம்முறை மாற வேண்டியிருந்தது விதிதான்.

ஒரே மனிதர், ஒரே முறை. ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி. நெப்டியூனை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மேதையின் கதைதான் கிடைக்கும். 1859-ல் பாடத்தை நிறுத்தி, விடையைச் சொல்லாமல், "நீங்கள் எதை நம்புவீர்கள்? ஏன்?" என்று கேளுங்கள். அறிவியலின் மெய்யியல் என்று பெரிய பெயரெல்லாம் வேண்டாம், அந்த விவாதமே அதுதான்.

இன்றும் அதே கேள்வி இருக்கிறது. விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸிகளின்) ஓரத்து விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுப்பதுதான் காரணம் என்கிறார்கள் பெரும்பாலோர். மில்குரோம் என்ற இயற்பியலாளர் 1983-ல் விதியையே திருத்தலாம் என்றார். ஈர்ப்பினால் ஒளி வளைவது போன்ற வேறு சான்றுகளும் இருப்பதால் நான் கரும்பொருள் பக்கம்தான். ஆனால் வல்கனைத் தெரிந்த மாணவர் என்னோடு மல்லுக்கட்டலாம், அதைத்தான் விரும்புகிறேன்.

நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது புரிகிறது. இதற்கு இரண்டு பீரியட் போதும். துணைக்கோள்களின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.