கையில் காசு குறைவு, கடையோ பெரிது

ஒவ்வொரு நவம்பரிலும், அமெரிக்க பேஸ்பால் சீசன் முடிந்த கையோடு ஃப்ரீ ஏஜென்ட் சந்தை, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த டீமுக்கும் போகலாம் என்று நிற்கும் வீரர்களின் சந்தை, திறந்துவிடும். அன்று முதல் சின்ன ஊர் டீம்களின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். "கடன் வாங்கியாவது ஒரு பெரிய ஸ்டாரைப் பிடித்துப் போடு, மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்பது ஒரு கட்சி. "நமக்கு எதற்கு இந்த வம்பு, நம்ம பசங்களை வளர்த்து ஆடுவோம்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு டீம் முதலாளிகளின் ஆதரவு எப்போதும் உண்டு. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. காசு குறைவான டீமும் சந்தைக்குப் போயே ஆக வேண்டும். போய், தன் டீமில் எந்த இடம் படுமோசமோ அந்த இடத்துக்கு, சுமாருக்கு மேலே உள்ள ஓர் ஆளை, குறைந்த வருடங்களுக்கு வாங்க வேண்டும். வருடச் சம்பளத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. எத்தனை வருடம் என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும்.

ஐ.பி.எல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லா டீமுக்கும் ஒரே தொகை. 2025 ஏலத்தில் டீமுக்கு 120 கோடி ரூபாய். மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2013இல் உள்ளூர் டிவி உரிமைக்கு மட்டும் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. கேன்சஸ் சிட்டி, பிட்ஸ்பர்க், மில்வாக்கி மாதிரி ஊர்களில் அதைக் கனவிலும் பார்க்க முடியாது. உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தை எல்லா டீமும் பொதுவில் போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள்தான். ஆனாலும் இடைவெளி மூடுவதில்லை. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ், ஹுவான் சோட்டோ என்ற ஒற்றை ஆளுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அந்தக் கடையில் நம்மால் விலைகூடக் கேட்க முடியாது.

சம்பள முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மேஜர் லீகுக்கு வந்த முதல் மூன்று வருடம் ஒரு வீரருக்கு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2024இல் அது 7.4 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன் மூலம், அதாவது பேச்சில் முடியாவிட்டால் நடுவர்கள் தீர்மானிக்கும் முறையில், படிப்படியாக ஏறும். ஆறு வருட சர்வீஸ் முடிந்த பிறகுதான் விரும்பிய டீமுக்குப் போகலாம். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு வயது 29, 30 ஆகிவிடும். அவர்களுடைய நல்ல ஆட்டத்தை முதல் டீம் மலிவாக அனுபவித்து முடித்திருக்கும். இப்படி வருகிறவரிடம் ஏழு வருட ஒப்பந்தம் போட்டால், நாம் வாங்குவது இரண்டு மூன்று வருட ஆட்டத்தையும் மீதி வருடங்களின் முதுகு வலியையும்தான். பணக்கார டீம் அந்த மீதி வருடங்களைச் செத்த பணமாக எழுதிவிட்டு இன்னொருவரை வாங்கிக்கொள்ளும். சின்ன டீமுக்கு அது மூன்று நான்கு இடங்களுக்கான பட்ஜெட்.

கொலராடோ ராக்கீஸ் செய்ததைப் பாருங்கள். 2021இல் தங்களுடைய மூன்றாம் பேஸ் நட்சத்திரம் நோலன் அரனாடோவை, கூடவே சுமார் 5 கோடி டாலரையும் கொடுத்து, செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். பணமில்லை என்று நினைத்தால் அடுத்த வருடமே கிரிஸ் பிரையன்டுக்கு 7 வருடத்துக்கு 18.2 கோடி டாலர்! முதுகு, பாதம் என்று ஒன்று மாற்றி ஒன்று படுத்தியதில் முதல் நான்கு சீசனில், அதாவது 648 ஆட்டங்களில், அவர் ஆடியது 170. 2025இல் டீம் 119 ஆட்டங்களில் தோற்றது. பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் கதை இன்னும் கொடுமை. 2016இல் 7 வருடத்துக்கு 16.1 கோடி வாங்கியவர், 2018 கடைசியிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை மட்டையோடு நின்று ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சம்பளத்தின் ஒரு பகுதி 2037 வரை அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, உருப்படியாகச் செய்தவர்கள் யார் என்றால், கேன்சஸ் சிட்டி ராயல்ஸின் 2023-24 குளிர்காலத்தைத்தான் காட்டுவேன். 2023இல் அவர்கள் 56 வெற்றி, 106 தோல்வி. இப்படி இருக்கும் டீம் பணத்தை இறுக்கி முடிந்துகொள்வதுதான் வழக்கம். பொது மேலாளர் ஜே.ஜே. பிகோலோ அதற்கு நேர்மாறாகச் சுமார் 11 கோடி டாலரை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். பெரிய தொகை பந்து வீசும் இரண்டு பிட்சர்களுக்கு: சேத் லூகோவுக்கு 3 வருடம் 4.5 கோடி, மைக்கேல் வாக்காவுக்கு 2 வருடம் 3.2 கோடி. லூகோ பல வருடம் மெட்ஸில் நடுவில் வந்து சில ஓவர் போடுகிற மாதிரியான வேலை பார்த்தவர், வயது 34. இவர்கள் பெயர் போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஊரில் யாரும் திரிந்ததில்லை. அப்போது புது ஸ்டேடியத்துக்கு வரிப்பணம் கேட்டு வாக்கெடுப்பு வரவிருந்ததால், ஓட்டுக்காகத்தான் இந்தச் செலவு என்று கேலி பேசினார்கள். ஏப்ரலில் மக்கள் அந்த வரியை நிராகரித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஏன் இந்த இருவர்? முந்தைய சீசனில் அதே வேலையைச் செய்தவர்களைப் பாருங்கள். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள். ஜோர்டன் லைல்ஸ் 17 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.28 ரன். ஸாக் கிரெய்ன்கி அந்தக் காலத்தில் பெரிய ஆள்; 2023இல் 2 வெற்றி, 15 தோல்வி. 2024இல் வாக்கா 160க்கு மேற்பட்ட இன்னிங்ஸ் வீசி 3.35 ரன்தான் கொடுத்தார். லைல்ஸ் இடத்தில் வாக்கா என்று வைத்துக் கணக்குப் போட்டால் சீசனுக்கு ஐம்பது ரன்னுக்கு மேல் மிச்சம். பேஸ்பாலில் பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்று தோராயக் கணக்கு ஒன்று உண்டு. அப்படியானால் ஒரே ஆளால் ஐந்து வெற்றி! இதுவே ஏற்கனவே 3.80 கொடுக்கும் நல்ல பிட்சரை எடுத்துவிட்டு 3.00 கொடுக்கும் ஸ்டாரைப் போட்டால் கிடைப்பது பதினைந்து ரன் அளவுதான், விலையோ நான்கு மடங்கு. வீட்டில் ஓடு ஒழுகும்போது வாசலுக்குத் தேக்குக் கதவு போட்ட கதை அது. ராயல்ஸ் ஒழுகும் ஓடுகளை மாற்றினார்கள்.

லூகோ அந்த வருடம் 206 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, 16 ஆட்டங்கள் வென்று, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு நடக்கும் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். அது எதிர்பார்க்காத போனஸ். டீம் 86 வெற்றியோடு பிளேஆஃபுக்குப் போய், பால்டிமோரை அவர்கள் மண்ணிலேயே இரண்டுக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பியது. சியாட்டில் 85 வெற்றி எடுத்து வெளியே நின்றது என்பதை மறந்துவிடாதீர்கள். 65 வெற்றியிலிருந்து 70க்குப் போவதால் யாருக்கும் எதுவும் இல்லை. 81லிருந்து 86க்குப் போகும் அந்த ஐந்து வெற்றிதான் காசு.

அதே கடைவீதியில் ராயல்ஸ் வாங்கிய மற்ற சரக்கு எல்லாம் உருப்பட்டதா? இல்லவே இல்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து வீசும் பிட்சர்கள் வில் ஸ்மித், கிறிஸ் ஸ்ட்ராட்டன் இரண்டு பேரும் சொதப்பினார்கள். ஹண்டர் ரென்ஃப்ரோவை 2025 மே மாதம் விடுவித்தே விட்டார்கள். ஆனால் எதுவும் இரண்டு வருடத்தைத் தாண்டிய ஒப்பந்தமில்லை, அதனால் யாரும் டீமை மூழ்கடிக்கவில்லை. வாங்கும் ஆளில் பாதிப் பேர் தேறமாட்டார்கள் என்று தெரிந்தே வாங்குகிற முறை இது. பாபி விட் ஜூனியருக்கு 11 வருடம் 28.87 கோடி கொடுத்தார்களே என்று கேட்பீர்கள். அது சந்தையில் வாங்கியதில்லை, சொந்தமாக வளர்த்த 23 வயதுப் பையனுக்குக் கொடுத்தது. நீண்ட ஒப்பந்தம் போடுவதானால் அங்கேதான் போட வேண்டும்.

ராயல்ஸின் இன்னொரு வாங்கலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் மிகவும் பிடித்தது. 2023 ஜனவரியில் அரோல்டிஸ் சாப்மன் என்ற பிட்சர் மவுசு இழந்து நின்றார். ஒரு வருடத்துக்கு 37.5 லட்சம் டாலர் என்று ராயல்ஸ் பேசி முடித்தார்கள். அவர் பழைய வேகத்தில் பந்து போட ஆரம்பித்ததும், ஜூன் கடைசியில் டெக்சாஸுக்குக் கொடுத்துவிட்டு கோல் ராகன்ஸ் என்ற இளம் இடதுகை பிட்சரை வாங்கினார்கள். டெக்சாஸ் அந்த வருடம் உலகத் தொடரை வென்றது, அவர்களுக்கும் நஷ்டமில்லை. ராகன்ஸ் 2024இல் ஆல்-ஸ்டார், 223 ஸ்ட்ரைக்-அவுட் (அடிக்கவே விடாமல் ஆளை வெளியேற்றுவது), அதுவும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய காசுக்கு. ஒரு வருட ஒப்பந்தத்தில் இதுதான் சௌகரியம்: டீம் தேறினால் ஆளை வைத்துக்கொள்ளலாம், தேறாவிட்டால் ஜூலையில் விற்றுவிடலாம். அதே குளிர்காலத்தில் லைல்ஸுக்கு 2 வருடம் 1.7 கோடி கொடுத்ததும் இதே நிர்வாகம்தான், அதையும் சொல்ல வேண்டுமல்லவா.

மற்றவர்கள் விலை வைக்காத திறமையை வாங்குவது இன்னொரு வழி. 2012இல் ரஸ்ஸல் மார்ட்டின் என்ற கேட்சர் (நம் ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி) யாங்கீஸுக்காக .211 என்ற மோசமான சராசரியில் அடித்தார். யாங்கீஸ் கைவிட்டார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 2 வருடம் 1.7 கோடிக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் பார்த்தது மட்டையை இல்லை, கையுறையை. ஸ்ட்ரைக் எல்லையின், அதாவது பிட்சருக்குச் சாதகமாகக் கணக்காகும் கட்டத்தின், ஓரத்தில் வரும் பந்தை மார்ட்டின் அசைவில்லாமல், நடுவில் வந்த பந்து போலப் பிடிப்பார். ஸ்ட்ரைக் என்று அம்பயர் கை உயர்ந்துவிடும். ஆட்டத்துக்கு நாலைந்து தடவை இப்படி நடந்தால் பிட்சருடைய பாடே வேறாகிவிடும். அப்போது இதற்கென்று காசு கொடுக்க ஆளில்லை. 20 வருடம் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்ட பைரேட்ஸ் 2013இல் 94 ஆட்டங்கள் வென்றது. அக்டோபர் 1 இரவு, ஸ்டேடியம் முழுக்கக் கருப்புச் சட்டை. சின்சினாட்டி பிட்சர் ஜானி கேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூட்டம் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவி விழுந்தது. அடுத்த பந்தை மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். இன்றைக்கு இதே திறமையைத் தேடிப் போகக் கூடாது. எல்லோரும் அளந்து விலை வைத்துவிட்டார்கள், போதாக்குறைக்கு 2026 முதல் அம்பயர் தீர்ப்பை எதிர்த்து மெஷினிடம் முறையிடவும் விதி வந்துவிட்டது.

டாம்பா பே ரேஸ் டீம் ஸாக் எஃப்லின் என்ற பிட்சருக்கு 3 வருடம் 4 கோடி கொடுத்ததும் இந்த ரகம்தான். அதை 1.1, 1.1, 1.8 கோடி என்று பின்னால் ஏறும்படி போட்டார்கள், கனமான வருடம் வருவதற்கு முன்பே பால்டிமோருக்கு மாற்றிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ரசிகனுக்கு ஒரு ஜெர்சிகூட நிம்மதியாக வாங்க முடியாத டீம் அது.

ராயல்ஸும் போன பாதையிலேயே நிற்கவில்லை. 2025 ஜூலையில், 35 வயதான லூகோவுக்கு மேலும் 2 வருடம் 4.6 கோடி கொடுத்தார்கள். அந்த சீசனை அவர் 4.15 ரன் சராசரியில் முடித்தார், டீம் 82 வெற்றியோடு வெளியே நின்றது. முதல் ஒப்பந்தம் லாபம் கொடுத்தது என்பதற்காக, வயதான அதே ஆளை ஏறிய விலைக்குத் திரும்ப வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனாலும் பைரேட்ஸைப் பார்க்கும்போது ராயல்ஸைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவர்களுடைய இளம் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் 2025இல் 8.75 லட்சம் டாலர் சம்பளத்துக்கு 1.97 ரன் சராசரியில் வீசி சை யங் விருது வாங்கினார். அவருடைய வெற்றி-தோல்விக் கணக்கு 10-10. அடிக்க ஆளில்லை. அந்த சீசனுக்கு முன் நிர்வாகம் சந்தையில் வாங்கிய மட்டைக்காரர்கள் ஒரு வருட ஒப்பந்தத்தில் 38 வயது மெக்கட்சன், 37 வயது டாமி ஃபாம், அப்புறம் ஆடம் ஃப்ரேசியர். "டீமை விற்றுவிடு" என்று ஸ்டேடியத்திலேயே முதலாளி பாப் நட்டிங்கைப் பார்த்துக் கத்தினார்கள். நட்டிங் சோட்டோவை வாங்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. லூகோவும் வாக்காவும் வாங்கிய விலையில், இரண்டு மூன்று வருடத்துக்கு இரண்டு நல்ல மட்டைக்காரர்களை வாங்கியிருக்கலாம். ஸ்கீன்ஸ் 2029 முடிந்ததும் சந்தைக்குப் போய்விடுவார். அப்போது அவரை யார் வாங்குவார்கள் என்று பிட்ஸ்பர்க்கில் எல்லோருக்கும் இப்போதே தெரியும்.