அவரவர் வினை என்று சொல்வது யாருக்கு வசதி?

மனநோய் வந்த ஒருவரைக் கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ‘எல்லாம் மூடநம்பிக்கை, டாக்டரிடம் போகத் தெரியாத ஜனங்கள்’ என்று ஒன்று. ‘எங்க பெரியப்பா அங்கே போய்த்தான் குணமானார், உனக்கென்ன தெரியும்’ என்று இன்னொன்று. என் அப்பா கருப்புச் சட்டைக்காரர், அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர். அதனால் இந்தச் சண்டை எனக்குச் சோற்றுத் தட்டின் முன்னாலேயே பழகிப்போனது. சாமி உண்டா இல்லையா என்று இரண்டு பேரும் மல்லுக்கு நிற்கும்போது, நோயாளிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இருவருமே பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏர்வாடியிலிருந்தே தொடங்குகிறேன். 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்துவந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. இன்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

அந்தத் தீயைக் காட்டி ‘பார், நம்பிக்கை என்ன செய்தது’ என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. தர்காவுக்கு வந்து, அங்கே எரியும் விளக்கின் எண்ணெயைத் தடவி, தீர்த்தம் குடித்து, கனவில் உத்தரவு வரும் என்று குடும்பத்தோடு காத்திருந்தவர்கள் காலங்காலமாக உண்டு. நோயாளியின் அம்மா பக்கத்தில் இருப்பார், இல்லையென்றால் தம்பி இருப்பான். காப்பகம் வந்தபிறகு ஒரு வசதி கிடைத்தது: மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும், நாம் ஊருக்குத் திரும்பிவிடலாம். ‘பாவா (தர்காவின் மகான்) பார்த்துக்குவார்’ என்ற அதே சொல், முன்பு காத்திருப்பதற்குத் தெம்பு கொடுத்தது, பிறகு விட்டுவிட்டுப் போவதற்குச் சாக்கு ஆனது. சங்கிலி போட்டது காப்பகக்காரர். அதைக் கண்டும் காணாமல் பஸ் ஏற வைத்தது அந்தச் சாக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பகுத்தறிவு பேசும் நண்பர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் ஓர் ஆய்வு, 2002இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோடு தொடர்புடைய ரகுராமும் சக ஆய்வாளர்களும் நம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். வரும்போதும் கிளம்பும்போதும் நோயின் கடுமையை அளந்து பார்த்ததில் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. சில மருந்துகளில் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு ஒப்பானது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

சாமி வந்து இறங்கியதா? பேயோட்டினார்களா? அப்படி எதுவுமில்லை. காலையில் சின்னதாக ஒரு பூஜை. அப்புறம் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி முடிந்த வேலை. கூடவே வீட்டு ஆள் ஒருவர். யாரும் மிரட்டவில்லை, யாரும் காசு கேட்கவில்லை. அவ்வளவுதான் சிகிச்சை. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஆகவே ‘கோயில் போதும், மாத்திரை வேண்டாம்’ என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் ஒரு மனிதனை மரியாதையோடு ஆறு வாரம் வைத்திருந்தால் அவன் தேறுகிறான் என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம் அல்லவா?

என் அத்தை கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அத்தை பையனுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. ஜன்னலை எல்லாம் சாத்துவான், தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘மாமனாரைக் கடைசிக் காலத்துல சரியாப் பாக்கலை, அந்தச் சாபம்’ என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். ‘போன ஜென்மத்துக் கணக்கு’ என்றார் இன்னொருவர், ஏதோ பெரிய மனது பண்ணி இந்த ஜென்மத்தை விட்டுவைத்த மாதிரி. அத்தை கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினாள். ராத்திரி தூக்கம் போனது. நோய் வந்தது பையனுக்கு, தண்டனை கிடைத்தது அவளுக்கு. எங்கள் அப்பாவும் தன் பங்குக்கு, ‘நம்ம குடும்பத்துல பொறந்துட்டு நீ கயிறு கட்டிக்கிட்டுத் திரியலாமா’ என்று திட்டினார். ஏற்கெனவே ஒரு குற்றவுணர்ச்சியில் கிடந்தவளுக்கு இது இரண்டாவது. பகுத்தறிவும் ஆள் பார்த்துப் பேசாவிட்டால் சாபம் மாதிரிதான் விழுகிறது.

பெரியாஸ்பத்திரி மாத்திரையோடு அவனைக் குணசீலத்துக்கு அழைத்துப் போனாள் அத்தை. திருச்சியிலிருந்து முசிறி போகிற வழியில் காவிரிக் கரையில் இருக்கும் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கி, பூஜை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளித்துக்கொள்வது வழக்கம். திரும்பி வந்த அத்தையிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ‘அங்க யாரும் ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கலைடா. எத்தனை நாளா இருக்குன்னுதான் கேட்டாங்க’ என்றாள். அவளை மாதிரி நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து உட்கார்ந்து அழுதும் சிரித்தும் இருந்திருக்கிறார்கள். பையனுக்கு என்ன ஆனதோ, அத்தைக்கு அங்கேதான் தூக்கம் வந்தது.

‘அவனவன் வினை’ என்று மனிதர்கள் ஏன் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்? இதைப் பற்றி மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1960களில் யோசித்தார். அமெரிக்காவில் அவரும் கரோலின் சிம்மன்ஸும் செய்த சோதனையின் முடிவு 1966இல் வெளியானது. ஒரு பெண் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுப்பதாகக் காட்டினார்கள். நடிப்புதான், ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மாணவிகளுக்கு அது தெரியாது. அதிர்ச்சியை நிறுத்திவிடலாம் என்று வாய்ப்புக் கொடுத்தபோது பெரும்பாலோர் நிறுத்தச் சொன்னார்கள், அந்தப் பெண்ணைப் பற்றி மட்டமாகப் பேசவில்லை. எதுவும் செய்ய முடியாது, அவள் இன்னும் வேதனைப்படத்தான் போகிறாள் என்றானபோதோ, அவளையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமானது, நல்லவனுக்கு நல்லதே நடக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவன், ஒன்றும் செய்யாதவள் அடிபடுவதைப் பார்த்தால் நிலைகுலைந்துவிடுகிறான். அவள் ஏதோ செய்திருப்பாள் என்று முடிவு பண்ணிவிட்டால் அவனுக்கு நிம்மதி. தன் வீட்டுக்கு அது வராது என்ற தைரியமும் கூடவே கிடைக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சொந்தக்காரர்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. அவர்களுக்கும் செய்ய ஒன்றும் தெரியவில்லை. பயந்தார்கள். பயத்துக்குச் சாபம் என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. மனநோய்களில் வகைக்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கே வந்து சேர்வதில்லை என்று அது சொன்னது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. அதில் வாழும் ஜனம் கோயில் வாசலில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனது வரவில்லை.

படித்தவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கர்மா போன இடத்தில் பாசிட்டிவ் திங்கிங் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ எதை நினைக்கிறாயோ அதைப் பிரபஞ்சம் உனக்குத் தரும் என்கிறார் மேடையில் மைக் பிடித்தவர். அப்படியானால் வேலை போனவன் தப்பாக நினைத்தானா? கேன்சர் வந்தவளுக்கு எண்ணம் சரியில்லையா? மனச்சோர்வில் படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடப்பவனிடம் ‘மனசு வச்சா முடியாதது இல்லை’ என்று சொல்வது, சாபம் என்று சொன்ன சொந்தக்காரர்களின் வேலையைத்தான் இங்கிலீஷ் கலந்து செய்கிறது. போன ஜென்மத்துக் கணக்கிலாவது நாம் பார்க்காத யாரோ செய்த தப்பு. இதில் தப்பும் உன்னுடையது, அதுவும் இன்று காலையில் செய்தது.

வீட்டில் ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்யும் இந்த நம்பிக்கை, ஊருக்குள் போனால் இன்னும் பெரிதாகிறது. கணவனை இழந்தவளை மணமேடைக்கு எட்ட நிற்க வைக்கிறோம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஒரு வசவு வைத்திருக்கிறோம், அங்கே போய் மருந்து வாங்க வேண்டியவன் அந்த வார்த்தைக்குப் பயந்தே போவதில்லை. ஏழையாக இருப்பவன் உழைக்காததால் ஏழை என்கிறோம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயைப் பார்த்து ‘ஓசிக் காசு’ என்று முகம் சுளிப்பவர், அப்பா எழுதிவைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொல்கிறார். தனக்குக் கிடைத்தது தகுதியால், அடுத்தவனுக்குக் கிடைக்காதது அவன் குறையால் என்று நம்புவது சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்துக்கான விலையை யாரோ ஒருத்தி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, நம்பிக்கையை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா? அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், விளக்குமாற்றை எடுப்பார். எனக்கும் அது வேண்டியதாகப் படவில்லை. ஏர்வாடியிலேயே இன்று தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் முன்பே நடந்த ‘தவா – துவா’ முயற்சிதான் இதற்கு முன்மாதிரி. மருந்தும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு. ஓதுகிறவரே ‘ஓதியாச்சு, அந்த டாக்டரையும் பாத்துட்டுப் போ’ என்று அனுப்பினால், எங்கள் அப்பா நாற்பது வருஷம் பேசியும் நகராத ஆள் நகர்ந்துவிடுவார்.

இதைப் படித்துவிட்டு யாராவது இன்பாக்ஸில் வந்து, எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். போங்கள். நீங்களும் கூடவே தங்குங்கள். அடிக்கிற, கட்டிப்போடுகிற, பட்டினி போடுகிற இடமென்றால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாவட்ட அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, டெலிமானஸ் என்று பெயர், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.