மறுநாளே வந்த பதில்

போன வாரம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஸ்டாஃப் ரூமில் போனை நீட்டினார். "டீச்சரே, என் சிறுவர் கதை செலக்ட் ஆயிருச்சு!" ஒரு பதிப்பகத்துக்கு ராத்திரி அனுப்பியிருக்கிறார், மறுநாள் மத்தியானம் பதில். பூங்கொத்துப் படம் போட்டு, "தங்கள் படைப்பு எங்கள் ஆசிரியர் குழுவால் தேர்வு செய்யப்பட்டுள்ளது" என்று வாழ்த்து. நாலு வரி கீழே இறங்கினால் விஷயம் இருக்கிறது: 35,000 ரூபாய் கட்ட வேண்டும், 100 பிரதி தருவார்கள், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். அந்த எண் நம் நாட்டில் எல்லோருக்குமே இலவசம்தான். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசின் ஏஜென்சி அதற்குக் காசு வாங்குவதில்லை. சாயாக் கடைக்காரர் கிளாஸுக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று பெருமையாகச் சொல்வது மாதிரி.

கட்டாதீங்க என்றேன். முகம் வாடிவிட்டது. "ரெண்டு நல்ல பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாசம் ஆச்சு டீச்சர். ஒரு வார்த்தை இல்ல. இவங்களாச்சும் பதில் போட்டாங்களே" என்றார்.

இந்தப் பதிவே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். காசு வாங்கிப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது நல்ல பதிப்பகங்களின் மௌனம்தான் என்று நினைக்கிறேன்.

ஏன் பதில் வருவதில்லை என்பதும் தெரியாமல் இல்லை. சின்னப் பதிப்பகம் என்றால் இரண்டு மூன்று பேர். கதையைப் படிக்கிறவரே புரூஃப் பார்ப்பார், பார்சலும் கட்டுவார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு முந்தைய இரண்டு மாதம் அவர்களுக்குச் சாப்பாடே நேரத்துக்குக் கிடையாது. அந்த நேரம் பார்த்து நாம் அனுப்பிவிட்டு இங்கே பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து தினம் மெயிலைத் திறந்து பார்ப்போம்.

நம் பக்கத்துத் தப்பும் உண்டு. என் முதல் கதையை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே அனுப்பினேன். அங்கே அந்த எழுத்துரு இல்லை. நான் 'அம்மா' என்று அடித்தது அவர்கள் திரையில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று தெரிந்திருக்கும். பன்னிரண்டு பக்கமும் இப்படியே. பதில் வரவில்லை என்று ஆறு மாதம் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்! எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் வையுங்கள்.

அப்புறம், யாருக்கு அனுப்புகிறோம் என்பது. பஸ் ஏறினால் பொள்ளாச்சி, அங்கே எதிர் வெளியீடு என்ற பதிப்பகம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்காக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கதையைக் கொண்டுபோய் நீட்டினால் எப்படி? அவர்கள் பட்டியலில் நாவல் எத்தனை, மொழிபெயர்ப்பு எத்தனை, குழந்தைகளுக்கானது எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். சென்னையில் தூலிகா ஒரே படக்கதையைத் தமிழ், மலையாளம் என்று பல மொழிகளில் போடுகிறவர்கள். எதுகை மோனையை மட்டுமே நம்பி நிற்கும் பாட்டை அங்கே அனுப்பினால் மற்ற மொழிக்கு அது எப்படிப் போகும்? பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், வானம் பதிப்பகம் எல்லாம் வேறு மாதிரி. ஒவ்வொருவருடையதிலும் நாலு புத்தகமாவது வாங்கிப் படித்த பிறகு அனுப்புங்கள். படக்கதைக்கு அண்ணன் மகனை வைத்துப் படம் வரைந்து அனுப்பவும் வேண்டாம். ஓவியரைப் பெரும்பாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளைகளிடம் வாசியுங்கள். என் கதையில் வாய்க்கால் கரைச் சாயங்காலத்தை ஆறு வாக்கியத்தில் வர்ணித்திருந்தேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மூன்றாம் வகுப்பில் அதை வாசிக்கும்போது ஒரு பையன் பென்சில் சீவ ஆரம்பித்தான். அடுத்த வாக்கியத்தில் இன்னும் இரண்டு பேர். அன்றைக்கு ராத்திரியே ஆறையும் வெட்டிவிட்டேன். அதே கதையில் 'அமுச்சி' என்று வந்த இடத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை, வீட்டில் கூப்பிடுகிற பெயர்தானே. அதைப் பாட்டி என்று மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். தெரிந்தே போட்ட சொல் என்று அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நம் பக்கம் இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போடாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கணக்கு. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சம் வேண்டாம்.

பதிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "கிடைத்தது. நாலு மாதத்தில் எங்களிடமிருந்து பதில் இல்லையென்றால் வேறு இடத்துக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்." இதைத் தானாகப் போகிற பதிலாக ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், யாரும் உட்கார்ந்து அடிக்கக்கூட வேண்டாம். எனக்கு ஒருவர் மூன்று வரியில் மறுப்பு அனுப்பினார்: கதை நாலாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, முதல் மூன்று பக்கம் நீங்கள் உங்களுக்காக எழுதியது, இப்போதைக்கு எங்களால் முடியாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டுப் படித்தேன், அவர் சொன்னது சரி. அந்த மெயில் இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் டீச்சர் இன்னும் காசு கட்டவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மூன்றாம் வகுப்பில் தன் கதையை வாசிக்கப் போகிறார். பென்சில் சீவிகளையெல்லாம் முன்னாடியே வாங்கி வைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.