குப்பை எழுத்து வந்தால் கேபிள் பழுது என்பது சரியல்ல

பேஷன்ட் மானிட்டரிலிருந்து (நோயாளியின் நாடித்துடிப்பு போன்றவற்றைக் காட்டும் கருவி) சீரியல் (ஆர்எஸ்-232) கேபிள் வழியே கணினிக்குக் குப்பை எழுத்துகள் வந்தால் கேபிளை மாற்றுங்கள் என்று சொல்வதுண்டு. பெரும்பாலும் அது தவறு. கம்பி அறுந்திருந்தால் எதுவுமே வராது. குப்பை வருகிறது என்றால் சிக்னல் வந்து சேர்கிறது. பெரும்பாலும் பாட் ரேட்டோ (தரவு அனுப்பும் வேகம்) பாரிட்டியோதான் (பிழை கண்டறியும் பிட்) இரு பக்கமும் பொருந்தவில்லை. பைனரி புரோட்டோகால் (தரவை எழுத்தாக அல்லாமல் வெறும் பைட்டுகளாக அனுப்பும் முறை) என்றால் டெர்மினலில் (வரும் தரவை எழுத்தாகக் காட்டும் மென்பொருள்) சரியான தரவும் குப்பையாகவே தெரியும், ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களாக) பாருங்கள். அப்போதும் கேபிளைச் சந்தேகிக்க ஒரு நியாயமான காரணம், கிரவுண்ட் (டிபி9 என்னும் ஒன்பது பின் இணைப்பியில் 5-ஆம் பின்) விட்டுப்போயிருப்பது.

எதுவுமே வராதபோது முதலில் கேபிளைப் பாருங்கள். கணினி முனையில் 2, 3 பின்களை இணைத்து, ஃப்ளோ கன்ட்ரோலை (தரவு ஓட்டத்தை நிறுத்தி விடும் அமைப்பு) அணைத்து, டெர்மினலில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரும்பி வந்தால் போர்ட் நலம். பிறகு மானிட்டரின் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டரில் அளவிடுங்கள்: சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை காட்ட வேண்டும். கணினியிலிருந்து வரும் கேபிளிலும் அதே பின்னில் மைனஸ் வோல்ட் இருந்தால் டிஎக்ஸோடு டிஎக்ஸ் மோதுகிறது. நல் மோடம் (அனுப்பும், பெறும் கம்பிகளை மாற்றி இணைக்கும் கேபிள் அல்லது அடாப்டர்) தேவை. எல்லாம் சரியாக இருந்தும் மௌனமா? பல மானிட்டர்கள் கேட்டால்தான் பேசும். பிலிப்ஸ் இன்டெலிவியூ மானிட்டர்கள் அப்படித்தான், கணினி முதலில் இணைப்புக் கோரிக்கை அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம்: நோயாளி இணைந்திருக்கும்போது இந்தச் சோதனைகள் வேண்டாம். நிரந்தர இணைப்புக்கு மருத்துவத் தர ஐசொலேட்டர் (கணினியிலிருந்து மின்சாரம் நோயாளிக்குக் கசியாமல் தடுக்கும் கருவி) போடுங்கள்.