ஆமாம், 43 இடங்கள்தான்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விற்பனைக்கு இருக்கும் விவசாய நிலங்களைப் பட்டியலிடும் எங்கள் இணையதளத்தின் முகப்பில் 'மொத்தம் 43 இடங்கள்' என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, "இதற்கு ஒரு திறப்பு விழா வேறு" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் யாரென்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்குச் சிரித்தவர்களில் எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆமாம், 43தான். அந்த 43 இடங்களிலும் நானோ என் தங்கையோ நேரில் போய் நின்றிருக்கிறோம். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தோம், எல்லைக்கல்லைத் தேடினோம். நான்கு கல்லில் ஒன்று கிடைக்காத இடத்தில் 'ஒரு கல் இல்லை' என்றே போட்டிருக்கிறோம். காலை வைக்காத பூமியைப் போடுவதில்லை என்பது ஒன்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட முடிவு.

"பெரிய தளங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கட்டும். 99ஏக்கர்ஸ் 2005இல் வந்தது, மேஜிக்பிரிக்ஸ் 2006இல் வந்தது. அவர்களோடு எண்ணிக்கையில் மோத வேண்டும் என்று எனக்கு ஆசையே இல்லை. கோவையில் அடுக்குமாடி வீடு தேடுபவர் அங்கேயே தேடலாம். ஆனால் கோபிப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் வாங்க வருகிறவர் கேட்கும் கேள்வியே வேறு. கிணற்றில் எத்தனை பங்கு? முறைத்தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை? கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஆயக்கட்டு நிலம் என்றால் எந்த மதகு? ஏனென்றால் மதகைப் பொறுத்துத்தான் இந்த ஆண்டு நெல்லா கடலையா என்பதே. பல்லடம் பக்கம் மானாவாரிக் காடு என்றால் போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள். எங்கள் படிவத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டங்களை நிரப்ப ஒரு இடத்துக்கு ஒரு முழு நாள் போகிறது. அதனால்தான் 43.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கட்டம், 'வழி'. அது ஏன் முதலில் இருக்கிறது என்பது என் அப்பாவுக்குத் தெரியும்.

2009இல் அன்னூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். பட்டா சரி, 30 ஆண்டு வில்லங்கமும் சரி. விற்றவர் இட்டேரியை, அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் தடத்தை, காட்டி, "தலைமுறையாக இதில்தான் போய்வருகிறோம், கண்ணு" என்றார். அப்பா நம்பினார். அந்தத் தடத்தின் கடைசி 200 அடி பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பட்டா நிலம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தாம் வரும். வாய்ப்பேச்சில் விட்ட தடம் எப்படி வரும்? நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்திருந்தால் அங்கே பாதை இல்லை என்பது தெரிந்திருக்கும். யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலையில் உழவுக்கு வந்த டிராக்டர் புதுக் கம்பிவேலிக்கு முன்னால் நின்றது. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றதை நான் பார்த்தேன். பிறகு 12 அடி அகலத் துண்டை, அவர்கள் சொன்ன விலைக்கே, அம்மாவின் நகையை வைத்து வாங்கினோம்.

அந்த வேலியின் முன்னால் நின்ற ஒருவரின் மகன் 43 என்ற எண்ணுக்கு வெட்கப்பட வேண்டுமா?

"தரகர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான்" என்று இன்னொரு பேச்சு. அந்த 43இல் 17 தரகர்கள் கொடுத்தவைதாம். தரகர் என்றால் தரகர், உரிமையாளர் என்றால் உரிமையாளர் என்று பக்கத்திலேயே எழுதுகிறோம். இது யார் பிழைப்பைக் கெடுக்கிறது? மனைப்பிரிவு விளம்பரம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன் என்பதும் உண்மைதான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெரா என்கிற மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு எண்ணைக் கேட்டேன், "அதெல்லாம் வந்துவிடும் தம்பி" என்றார்கள். வந்த பிறகு போடுகிறேன் என்றேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் படம் சுற்ற ஆரம்பித்தது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நீயும் காசு வாங்குகிறாய்தானே?" வாங்குகிறேன். பெட்ரோல் சும்மா வருவதில்லை.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்தது பைத்தியக்காரத்தனம் என்று எழுதிய மாமாவுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மாமா, நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊர் பார்க்கிற இடத்தில் எழுதினீர்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, இரவு சாப்பாடு போடும்போது, "உண்மையிலேயே 43தானா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் இரண்டு நாளாக எனக்குள் கிடக்கிறது. இந்தப் பதிவே அதனால்தான்.

44ஆவது இடம் காங்கேயம் பக்கம், நான்கு ஏக்கர். நேற்றுப் போய்ப் பார்த்தேன். வழி சரியாக இருக்கிறது. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்கிறது பத்திரம், நான்கில் ஒன்று என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். சனிக்கிழமை காலை இரண்டு பேரும் பழைய பத்திரங்களோடு கிணற்றடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் முகப்பில் 43 என்றுதான் இருக்கும்.