கரே ரைசு நம் குழம்பு இல்லை

போன மாதம் பெரியப்பா மகன் அண்ணன் ஆபீஸ் வேலையாக டோக்கியோ வந்திருந்தார். நான்கு நாள் கடைச் சாண்ட்விச்சும் சூஷியுமாகச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போய், "டேய், இங்க கறிக் கடை நிறைய இருக்குன்னு சொன்னியே, கூட்டிட்டுப் போடா" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் பயமும். இங்கே கறி என்றால் கரே ரைசு, அதாவது கெட்டிச் சாறு ஊற்றிய ஜப்பானியக் கறிச் சோறு. ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளித்து, "இதெல்லாம் ஒரு கறியா?" என்று தட்டைத் தள்ளி வைத்ததை இங்கே இருக்கும் எட்டு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இந்தப் பதிவு.

ஜிம்போச்சோவுக்குக் கூட்டிப் போனேன். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். வெயில் பட்டுப் புத்தகம் வெளுக்கக் கூடாது என்பதற்காக, பெரும்பாலான கடைகள் சாலையின் தென்பக்கத்தில் வடக்கு பார்த்தே இருக்கும். அந்தப் புத்தகக் கடைகளுக்கு நடுவில்தான் டோக்கியோவின் பெயர்பெற்ற கறிக் கடைகளும் இருக்கின்றன. 1924-இல் தொடங்கிய கியோஎய்தோ இன்றும் நடக்கிறது. 1973-இல் வந்த போன்டியில் கறிக்கு முன்னால் வெண்ணெயோடு முழு உருளைக்கிழங்கை அவித்து வைப்பார்கள். ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் இப்போதுதான் வாங்கிய புத்தகம் என்று சாப்பிட வசதியாக இருந்ததால்தான் கறி இங்கே வேர்விட்டது என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் காரணமே போதும்.

அன்று நாங்கள் போனது பெரிய பேர் இல்லாத ஒரு சின்னக் கடை. பத்துப் பேர் வரிசையாக உட்காரும் மேடை, வாசலில் டோக்கன் மெஷின். காசைப் போட்டு பட்டனை அழுத்தினால் சீட்டு வரும், அதை மேடையில் வைத்தால் போதும். அமாகுச்சியா, சூகாராவா, காராகுச்சியா என்று மட்டும் கேட்பார்கள். இனிப்பு, நடுத்தரம், காரம். அண்ணன் யோசிக்காமல் காரம் என்றார். நம் கணக்கில் அது காரமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

தட்டு வந்தது. ஒரு பாதியில் வெள்ளைச் சோறு, மறு பாதியில் கரும்பழுப்பில் மினுமினுக்கும் கெட்டிச் சாறு, நடுவில் விரல் அகலத்துக்கு வெட்டி அடுக்கிய சிக்கன் கட்சு, அதாவது ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கோழி. பொரித்த மேல்தோல் இன்னும் சடசடத்துக்கொண்டிருந்தது. அண்ணன் மொத்தத்தையும் பிசைவதுபோல் ஸ்பூனால் கிளற ஆரம்பித்தார். "அண்ணே, கிளறாதீங்க. சோறும் சாறும் சேருற ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுங்க" என்றேன். ஒரு வாய் வைத்தார். "என்னடா இது, இனிக்குது?"

ஆமாம், இனிக்கும். வெங்காயத்தைப் பொறுமையாக நிறம் மாறும்வரை வதக்குவதால் வரும் இனிப்பு அது. பல வீடுகளில் ஆப்பிளும் தேனும்கூடச் சேர்ப்பார்கள். ஆப்பிளும் தேனும் கலந்த, சாற்றில் கரைக்கும் 'வெர்மான்ட் கறி' கட்டி 1963-இலேயே கடைக்கு வந்துவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அம்மா கை மணம் என்றால் அந்த இனிப்பும் சேர்ந்ததுதான்.

கரே என்ற சொல் நம் கறியிலிருந்து கிளம்பி ஆங்கிலம் வழியாக இங்கே வந்தது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நம்மிடையே மட்டும் அந்தச் சொல் ஒரே பொருளில் நிற்கிறதா? மதுரைப் பக்கம் கறி என்றால் இறைச்சி, யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயும் கறிதான். கடல் தாண்டிப் போன சொல் மாறாமல் இருக்குமா? இவர்களுக்கு மெய்ஜி காலத்தில் (1868-1912) கறியைக் கொண்டுவந்தது ஆங்கிலேயர்கள். டப்பாவில் அடைத்த மசாலாத் தூள், கொழுப்பில் வறுத்த மாவு. 1908-இல் ஜப்பானியக் கடற்படையின் சமையல் நூலிலேயே கறிச் சோறு இடம்பிடித்துவிட்டது. இன்றும் கடல்சார் தற்காப்புப் படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான். 1982-இல் பள்ளி மதிய உணவாக நாடு முழுக்கப் பரிமாறியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஒரு ஊரே சமைத்து, பிள்ளைகளுக்கு ஊட்டி, தன்னுடையதாக்கிக்கொண்ட சாப்பாடு. அதை நம் குழம்பின் கெட்டுப்போன நகல் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நம்மவர் ஒருவருக்கும் இந்த ஆதங்கம் இருந்தது. வங்கத்திலிருந்து தப்பி 1915-இல் ஜப்பான் வந்த விடுதலைப் போராளி ராஷ் பிகாரி போஸுக்கு, இங்கே கறி என்ற பெயரில் கிடைத்தது ஒத்துக்கொள்ளவே இல்லை. அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஷின்ஜுகு நகமுராயா கடையில், 1927-இல் இந்திய முறைக் கறி பரிமாறத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்துக்காரர் ஏ.எம். நாயர் 1949-இல் கின்ஸாவில் திறந்த கடையும் இன்னும் இருக்கிறது. நம் ருசி வேண்டுமென்றால் அதற்கும் இங்கே வழி உண்டு, தாராளமாகப் போங்கள். ஆனால் கரே ரைசு கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு புளியையும் கறிவேப்பிலையையும் தேடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. அம்மா வந்திருந்தபோது வேறொரு கடையில் காய்கறிக் கறி வாங்கிக் கொடுத்தேன். இறைச்சி உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். துண்டாக எதுவும் இல்லை, உண்மைதான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாறு மாட்டெலும்பில் காய்ச்சியது என்று தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அன்று இரவு சாப்பிடவும் இல்லை. இந்தக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். இத்தனை நாட்டுக்காரர்கள் வந்துபோகும் நகரத்தில் இதைச் சீட்டிலோ பலகையிலோ ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அதுவரை நீங்களாகவே, இறைச்சி இருக்கிறதா என்று கேட்காமல், சாறு எதில் காய்ச்சியது, என்ன கொழுப்பு என்று கேளுங்கள்.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். மேடையில் ஒரு சின்ன மூடி போட்ட டப்பா இருந்தது. திறந்து காட்டினேன். ஃபுகுஜின்சுகே. முள்ளங்கி, கத்தரி, தாமரைத் தண்டு என்று பொடியாக நறுக்கி, சோயா சாஸிலும் சர்க்கரையிலும் ஊறவைத்த சிவப்பு ஊறுகாய். ஒரு கரண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கட்சு ஒரு துண்டு, சாறு, இது கொஞ்சம் என்று சேர்த்து அண்ணன் வாயில் போட்டார். ஊறுகாய் நறுக்கென்று கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் அவர் பேசவில்லை. பக்கத்தில் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் பையை மடியில் வைத்த காலேஜ் பெண். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

"இங்க வீட்டுல கறி வச்சா முதல் நாளைவிட மறுநாள்தான் நல்லா இருக்கும்னு சொல்லுவாங்கண்ணே" என்றேன்.

"நம்ம வீட்டு மீன்குழம்பு மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டே, தட்டில் ஒட்டியிருந்த சாற்றை ஸ்பூனால் வழித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் முதலில் கேட்டது, அந்தச் சிவப்பு ஊறுகாய் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்குமா என்றுதான். இரண்டு பாக்கெட் வாங்கி ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார்.